நவீன வாழ்க்கையைச் சொல்லும் நகைச்சுவைச் சிறுகதைத் தொகுப்பு: கரு முதல் அச்சு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

நகைச்சுவைக் கதை எழுத உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் தேடுவது சிரிப்பூட்டும் சம்பவத்தைத்தான். அப்படி ஒரு சம்பவம் கிடைத்தவுடன் அதற்கு முன்னால் ஓர் அறிமுகமும் பின்னால் ஒரு திருப்பமும் சேர்த்துக் கதை என்று பெயரிட்டுவிடுகிறார்கள். அதனால்தான் பல நகைச்சுவைத் தொகுப்புகள், நீட்டி எழுதப்பட்ட துணுக்குகளின் வரிசையாகவே நின்றுவிடுகின்றன. துணுக்கு ஒருமுறை கேட்டால் தீர்ந்துபோகும். கதையோ முடிவு தெரிந்த பிறகும் படிக்கத் தக்கதாக இருக்க வேண்டும். அதற்குச் சம்பவம் போதாது. அந்தச் சம்பவத்துக்குள் தன் நியாயத்தை முழு மனத்தோடு நம்புகிற ஒரு மனிதர் வேண்டும்.

இந்த வழிகாட்டி சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கிற கதைகளை எழுதி, அவற்றை ஒரு நூலாகத் தொகுக்க விரும்புகிறவர்களுக்கானது. சிரிப்பையும் சிந்தனையையும் தனித்தனியாகச் சமைத்துக் கடைசியில் ஒன்றாகப் பரிமாற முடியாது என்பதும், இரண்டும் ஒரே வரியிலிருந்து பிறக்க வேண்டும் என்பதும் இதன் அடிப்படைக் கருத்து. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படிக்கும் இதுவே அளவுகோல்.

முதல் படி: எந்தச் சிரிப்பு என்பதைத் தீர்மானித்தல்

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், நகை என்னும் மெய்ப்பாடு, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சி, எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கின் வழியாகத் தோன்றும் என்கிறது. இன்று எழுத வருகிறவருக்கும் இந்தப் பகுப்பு அப்படியே பயன்படும். எள்ளல் என்பது ஒருவரை இகழ்ந்து நகைப்பது. பிறரை நாம் இகழ்வதும், பிறர் நம்மை இகழும்போது நாமே சிரித்துக்கொள்வதும் இதில் அடங்கும் என்று உரை விரிகிறது. இளமை என்பது பிள்ளைத்தன்மை. பேதைமை என்பது அறியாமை. மடன் என்பதை, கற்பித்ததைப் பிடித்துக்கொண்டு பிடித்ததை விடாமல் இருப்பது என்று உரையாசிரியர்கள் விளக்குவார்கள்.

நவீன வாழ்க்கையைப் பற்றிய கதைகளுக்கு இந்த நான்கில் மிகவும் வளமானது கடைசியில் உள்ளதுதான் என்பது என் கருத்து. இக்கால மனிதருக்குத் தகவல் குறைவில்லை. ஆகவே வெறும் அறியாமையை வைத்து எழுதும் கதை, கைப்பேசியைத் தலைகீழாகப் பிடிக்கும் தாத்தாவின் கதையாகப் பழசாகிவிடுகிறது. ஆனால் செயலி சொன்னதையும், அலுவலகச் சுற்றறிக்கை சொன்னதையும், படிவத்தில் அச்சாகியிருப்பதையும் ஒருமுறை ஏற்றுக்கொண்டு, பிறகு கண்முன்னே இருக்கும் உண்மையைவிட அதையே பெரிதாக மதித்து நடக்கும் படித்த, கெட்டிக்கார, நல்ல மனிதர்கள் எங்கும் இருக்கிறார்கள். நாமும் அவர்களில் ஒருவராக இருப்பதால்தான் அவர்களைப் பார்த்துச் சிரிக்கும்போது லேசாகக் குத்துகிறது. பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஆன்ரி பெர்க்சன் சிரிப்பைப் பற்றி 1900இல் வெளியிட்ட நூலில், உயிருள்ள மனிதர் எந்திரத்தைப்போல நடந்துகொள்ளும் இடத்தில் சிரிப்பு பிறக்கிறது என்று வாதிட்டார். பல நூற்றாண்டுகள் இடைவெளி உள்ள இரண்டு சிந்தனைகள் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

பெர்க்சன் சொன்ன இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். சிரிக்கும் நேரத்தில் மனம் சற்று மரத்துப்போயிருக்க வேண்டும், இரக்கம் மேலோங்கினால் சிரிப்பு நின்றுவிடும் என்பது அவர் கருத்து. சிந்திக்க வைக்கும் கதை அந்த மரத்த மனத்துக்கு மீண்டும் உணர்ச்சி வரும் தருணத்தையும் தனக்குள் வைத்திருக்கும். அந்தத் தருணத்தை எங்கே வைப்பது என்பதுதான் இந்த வகைக் கதையின் மிகக் கடினமான வேலை. அதை மூன்றாம் படியில் ஒரு கதையை வைத்தே பார்க்கலாம்.

இரண்டாம் படி: கருக்களைச் சேர்த்தல்

ஒரு குறிப்பேடு தேவை. கைப்பேசியிலும் எழுதலாம், ஆனால் அதில் எதைக் குறிப்பது என்பதில் ஒழுங்கு வேண்டும். சிரிப்பான சம்பவங்களைக் குறித்துவைப்பதால் பெரிய பயன் இல்லை. மாறாக, மனிதர்கள் தங்கள் செயலுக்குச் சொல்லும் காரணங்களைச் சொன்னது சொன்னபடி குறித்துவைக்க வேண்டும். ‘குழுவிலிருந்து நான் விலகவில்லை, அமைதிப்படுத்தித்தான் வைத்திருக்கிறேன்’ என்று ஒருவர் தன் சித்தியிடம் சொல்வதைக் கேட்டால் அந்த ஒரு வாக்கியத்திலேயே ஒரு குடும்பம் தெரிகிறது. இணையக் கூட்டத்தில் அரை மணி நேரம் பேசி முடித்த பிறகு ‘மைக் அணைந்திருந்ததாம், பரவாயில்லை, முக்கியமானதைத்தான் பேசினேன்’ என்கிறவரின் தன்னம்பிக்கையில் ஒரு கதாபாத்திரம் இருக்கிறது.

அடுத்து, அறிவிப்புப் பலகைகளும் இயந்திரங்கள் பேசும் மொழியும். ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது’ என்று சொல்லிக்கொண்டே காக்கவைக்கும் பதிவுக் குரலும், காரணத்தை நிரப்பச் சொல்லிவிட்டு ‘மற்றவை’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஏற்க மறுக்கும் படிவமும் தாமாகவே நகைச்சுவை எழுதிக்கொண்டிருக்கின்றன. அவற்றை மிகைப்படுத்தாமல் அப்படியே எழுத்தில் கொண்டுவந்தால் போதும்.

குறிப்பேட்டில் சேர்க்கக் கூடாத ஒன்றும் உண்டு. கைமாறிக் கைமாறி வரும் நகைச்சுவைத் துணுக்குகளை எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒதுக்கிவிட வேண்டும். வாசகரும் அதே துணுக்கை அதே வாரத்தில் பெற்றிருப்பார். அதைவிட, அதில் மனிதர் இல்லை. கணவன், மனைவி, மேலாளர் என்னும் பொம்மைகள்தாம் இருக்கும்.

ஒரு குறிப்பு கதையாகுமா என்பதைச் சோதிக்க ஒரு கேள்வி போதும்: இந்த மனிதர் தான் செய்வது சரி என்று எந்த விதியின் பேரில் நம்புகிறார்? அந்த விதியை ஒரே வாக்கியத்தில் எழுத முடிந்தால் கரு இருக்கிறது. முடியாவிட்டால் அது வெறும் வேடிக்கை. குறிப்பேட்டிலேயே இருக்கட்டும், இன்னொரு கதையில் ஒரு வரியாகப் பயன்படலாம்.

மூன்றாம் படி: கருவைக் கதையாக வளர்த்தல்

இனி ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு முழுவதுமாக நடந்து பார்ப்போம். கையில் கட்டும் கடிகாரம் நாளொன்றுக்கு 10,000 அடிகள் நடக்கச் சொல்கிறது. ஒருவர் அதற்குக் கட்டுப்பட்டு நடக்கிறார். இது பலரும் கண்ட காட்சி, ஆகவே இப்படியே எழுதினால் எடுபடாது.

முதலில் மனிதரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதை இளைஞராக வைத்தால் உடற்பயிற்சிக் கதையாகிவிடும். ஓய்வு பெற்ற தணிக்கையாளராக வைத்துப் பார்த்தால் கதை சட்டென்று வேறாகிறது, ஏனென்றால் எண்ணிக்கை என்பது அவருடைய தொழில், நம்பிக்கை, கிட்டத்தட்ட மதம். அவருக்குச் சதாசிவம் என்றும் மனைவிக்குப் பங்கஜம் என்றும் பெயர் வைக்கலாம். நகைச்சுவைக் கதை என்பதற்காகக் கதாபாத்திரங்களுக்குக் கோமாளிப் பெயர் வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. அப்படிப்பட்ட பெயர், இவரை நம்ப வேண்டாம் என்று வாசகருக்கு முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறது.

அடுத்தது விதி. சதாசிவத்தின் விதி இது: கணக்கில் ஏறாத நடை நடையே ஆகாது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தணிக்கை செய்தவருக்கு இது முற்றிலும் நியாயமான விதி. கதை முழுவதும் அவர் இந்த விதியை ஒருமுறைகூட மீறக் கூடாது. கதாசிரியரும் அவரை மீற விடக் கூடாது.

பிறகு அந்த விதியைப் படிப்படியாக நெருக்கடிக்கு உள்ளாக்க வேண்டும். முதல் நெருக்கடி சிறியது: இரவில் கணக்கு குறைகிறது, எழுந்து கூடத்தில் நடக்கிறார். இரண்டாவது சற்றுப் பெரியது: காய்ச்சல் வந்து படுத்துவிடுகிறார், கடிகாரத்தைப் பேரன் கையில் கட்டி விளையாட அனுப்புகிறார். இந்த இடத்தில் பல எழுத்தாளர்கள் அவரை ஏமாற்றுக்காரராக்கிச் சிரிப்பு வாங்கப் பார்ப்பார்கள். ஆனால் சதாசிவம் நேர்மையான தணிக்கையாளர். அவர் குறிப்பேட்டில் ‘பேரனிடம் கடன்: 1,200 அடி’ என்று எழுதி, உடம்பு தேறியதும் அந்த 1,200 அடியைக் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு நடந்து அடைக்கிறார். இதில் ஒரு சிக்கல் எழுகிறது, கவனித்தீர்களா? கடிகாரம் இல்லாமல் நடந்தால் அவருடைய விதிப்படி அது நடையே ஆகாது. கதாபாத்திரம் தன் நேர்மையாலேயே தன் விதியோடு மோதுகிறது. இப்படி மோதல் உள்ளிருந்தே வந்தால் கதை தானாக நகரும். அவர் அதற்கும் ஒரு வழி கண்டுபிடிப்பார்: அடிகளை வாய்விட்டு எண்ணி, மனைவியைச் சாட்சிக் கையொப்பமிடச் சொல்வார்.

மூன்றாவது நெருக்கடியில்தான் சிரிப்பும் சிந்தனையும் சந்திக்க வேண்டும். கடிகாரம் சரியாகத்தான் எண்ணுகிறதா என்னும் சந்தேகம் தணிக்கையாளருக்கு வருவது இயல்பு. வீட்டிலேயே இருப்பவர் கையில் கட்டிப் பார்த்தால் எண்ணிக்கை மிகக் குறைவாக வரும், அதை அடிப்படையாக வைத்துக் கருவியைச் சோதிக்கலாம் என்று முடிவு செய்து ஒரு நாள் காலையில் பங்கஜத்தின் கையில் கட்டிவிடுகிறார். மாலையில் எடுத்துப் பார்க்கும்போது அது 13,412 என்று காட்டுகிறது. அவர் உடனே வாடிக்கையாளர் சேவை மையத்தை அழைத்து, ‘உங்கள் கடிகாரம் கோளாறு. வீட்டை விட்டு வெளியே போகாதவள் கையில் பதின்மூன்றாயிரத்துச் சொச்சம் காட்டுகிறது’ என்று புகார் கொடுக்கிறார்.

கதை இங்கே முடிந்துவிட்டது. இதற்குப் பிறகு சதாசிவம் சமையலறை வாசலில் நின்று கண் கலங்கினாலும், பாத்திரம் தேய்க்கப் போனாலும், பங்கஜம் ஒரு நீண்ட வசனம் பேசினாலும் கதை கெட்டுவிடும். அந்தப் புகார் வாக்கியத்தில் வாசகர் சிரிக்கிறார். சிரித்து முடிப்பதற்குள் எண்ணப்படாமல் போன ஒரு வாழ்நாள் நடை அவருக்குத் தெரிந்துவிடுகிறது. மரத்திருந்த மனத்துக்கு உணர்ச்சி திரும்பும் இடம் அதுதான். கதாபாத்திரத்துக்கு அது தெரியாமலே இருப்பதால்தான் வாசகருக்குத் தெரிகிறது. கதாபாத்திரம் உணர்ந்துவிட்டால் வாசகருக்குச் செய்ய வேலை இருக்காது.

இந்தக் கதைக்கான ஆராய்ச்சியில் ஒரு சுவையான செய்தி கிடைக்கும். 10,000 அடி என்னும் இலக்கு மருத்துவ ஆய்வகத்தில் கண்டறியப்பட்டதன்று. ஜப்பானில் 1965இல் விற்பனைக்கு வந்த நடையளவி ஒன்றின் பெயரே பத்தாயிரம் அடி அளவி என்று பொருள்படுவதாக இருந்தது, அந்த வணிகப் பெயரோடுதான் இலக்கும் பரவியது. இதைக் கதையில் சேர்க்க வேண்டும் என்று கை துறுதுறுக்கும். சேர்த்தால், எல்லாம் தெரிந்த மாப்பிள்ளை ஒருவரின் வாயில் ஒரே வரியாக வைத்து, அதற்குச் சதாசிவம் ‘பெயர் எப்படி வந்தால் என்ன, ரவுண்டான தொகை’ என்று திருப்தியோடு பதில் சொல்வதாக முடித்துவிட வேண்டும். கதையை நிறுத்திவைத்து விளக்கினால் அது கட்டுரையாகிவிடும்.

அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1842இல் எழுதிய ஒரு மதிப்புரையில், சிறுகதை ஒரே அமர்வில் படித்து முடிக்கத் தக்கதாகவும், அதன் ஒவ்வொரு சொல்லும் ஒரே விளைவை நோக்கிச் செல்வதாகவும் இருக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். நகைச்சுவைக் கதைக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். 1,200 முதல் 2,000 சொற்கள் வரை இந்த வகைக்கு வசதியான அளவு. அதற்கு மேல் போகும் கதையில் பெரும்பாலும் நெருக்கடிகள் ஏறுமுகமாக இல்லாமல் ஒரே உயரத்தில் நான்கைந்து இருப்பதைக் காணலாம். சிறந்த மூன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கலாம்.

நான்காம் படி: மொழியைச் சீர் செய்தல்

கதைசொல்லி சிரிக்கக் கூடாது. இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தாலே பாதிக் குறைகள் தீரும். மேற்சொன்ன கதையின் தொடக்கத்தை ஒருவர் இப்படி எழுதலாம்: ‘நம்ம சதாசிவத்துக்கு நடைப் பைத்தியம் முற்றிவிட்டது! கடிகாரம் சொன்னால் தலைகீழாகக்கூட நடப்பார் மனுஷர்! நடு ராத்திரியில் அவர் அடித்த கூத்தைப் பார்த்துப் பங்கஜத்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை!’ இதில் எழுத்தாளர் சிரிக்கிறார், பங்கஜம் சிரிக்கிறாள், ஆச்சரியக்குறிகள் சிரிக்கின்றன. வாசகருக்கு மட்டும் சிரிக்க இடமில்லை. அதையே இப்படி எழுதிப் பார்க்கலாம்:

‘இரவு பதினொன்று நாற்பதுக்குக் கடிகாரம் 9,640 என்று காட்டியது. சதாசிவம் போர்வையை நான்காக மடித்து வைத்துவிட்டு எழுந்தார்.
“என்னங்க, இந்த நேரத்தில எங்க?” என்றாள் பங்கஜம்.
“முந்நூற்று அறுபது பாக்கி இருக்கிறது.”
“யாருக்கு?”
அதற்கு அவரிடம் பதில் இல்லை. கூடத்து விளக்கைப் போட்டார்.’

போர்வையை மடிக்கும் நேரத்தில் அவருடைய முப்பதாண்டு உத்தியோகம் தெரிந்துவிடுகிறது. ‘யாருக்கு?’ என்னும் கேள்வியைப் பங்கஜம் கிண்டலாகக் கேட்கவில்லை, தூக்கக் கலக்கத்தில் உண்மையாகவே கேட்கிறாள். கதையின் சிந்தனை முதல் பக்கத்திலேயே ஓசையின்றி நுழைந்துவிட்டது.

தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் நிற்பது நகைச்சுவை எழுத்தாளருக்குக் கிடைத்த வரம். ‘மேலாளர் எல்லோருடைய கருத்தையும் பொறுமையாகக் கேட்டு, ஒவ்வொன்றையும் பலகையில் எழுதி, அனைவருக்கும் நன்றி சொல்லி, பலகையைத் துடைத்தார்’ என்னும் வாக்கியத்தில் கடைசி இரண்டு சொற்கள் வரும்வரை அவர் நல்ல மேலாளர். பலகையைத் துடைத்ததை முன்னால் கொண்டுவந்துவிட்டால் அந்த வாக்கியத்தில் ஒன்றும் இருக்காது. ஆகவே திருத்தும்போது ஒவ்வொரு பத்தியிலும் சிரிப்பைத் தாங்கும் சொல் எது என்று கண்டுபிடித்து, அது வாக்கியத்தின் இறுதியில் நிற்கிறதா, அதற்குப் பின்னால் விளக்கம் ஏதும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒட்டிக்கொண்டிருந்தால் வெட்டிவிட வேண்டும்.

உரையாடலில் உறவுமுறையும் மரியாதை விகுதியும் மாறும் கணங்களில் நிறைய நகைச்சுவை ஒளிந்திருக்கிறது. தொலைபேசியில் மேலதிகாரியிடம் ‘சொல்லுங்க சார்’ என்றவர், மறுமுனை அணைந்ததும் அதே மூச்சில் அவரை ஒருமையில் குறிப்பிடுவதும், மனிதர்களை ‘அவன் இவன்’ என்கிற ஒருவர் வழிகாட்டும் செயலியை மட்டும் ‘இடதுபக்கம் திரும்பச் சொல்றாங்க’ என்று பன்மையில் மதிப்பதும் எந்த விளக்கமும் இல்லாமலே அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும். பொருள்களின் பெயர்களைப் பொறுத்தவரை, மக்கள் வாயில் எது புழங்குகிறதோ அதையே எழுத வேண்டும். பாஸ்வேர்டு, சார்ஜர், லிஃப்ட் என்று பேசும் கதாபாத்திரத்தைத் தூய சொற்களில் பேசவைத்தால் வாசகர் தவறான இடத்தில் சிரிப்பார். சிலேடையைப் பற்றி ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: ஒரு தொகுப்பில் இரண்டுக்கு மேல் வேண்டாம்.

ஐந்தாம் படி: யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று சரிபார்த்தல்

கதை எழுதி முடித்த பிறகு, இதில் சிரிப்பின் சுமை யார் தலையில் விழுகிறது என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பலமற்றவர்களின் தலையில், அதாவது உச்சரிப்பு வராதவர், தோற்றத்தில் குறை உள்ளவர், வேலைக்கு வந்தவர் போன்றோர் தலையில் விழுந்தால் அது வெறும் எள்ளல். வாசகர் ஒருமுறை சிரித்துவிட்டு எழுத்தாளரைப் பற்றி வேறுவிதமாக நினைக்கத் தொடங்குவார். கதைசொல்லியையும் சிரிப்புக்கு உட்படுத்துவது நல்ல வழி. பிறர் திரையைப் பார்த்தே சாப்பிடுவதைக் குறைசொல்லி நீண்ட பதிவு எழுதும் ஒருவர், அதைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தட்டச்சு செய்வதாக அமைந்தால் கதை சமநிலை பெற்றுவிடும்.

தெரிந்த மனிதரின் கதையை எடுத்தால் பெயரை மாற்றுவது போதாது. தொழில், வயது, குடும்ப அமைப்பு ஆகியவற்றில் குறைந்தது இரண்டையாவது மாற்ற வேண்டும். உறவினர்கள் கதையை இலக்கியமாகப் படிப்பதில்லை, அடையாள அணிவகுப்பாகத்தான் படிக்கிறார்கள்.

ஆறாம் படி: கதையின் ஆயுளைக் கணித்தல்

நவீன வாழ்க்கையைப் பற்றிய கதைகளுக்கு உள்ள தனிச் சிக்கல், நவீனம் சீக்கிரம் பழசாவது. பேஜரை நம்பிச் சிரிக்கவைத்த கதைக்கு இன்று அடிக்குறிப்பு தேவைப்படும். ஃபேஸ்புக்கில் விருப்பக்குறி 2009இல் வந்தது. வாட்ஸ்அப்பில் படித்ததைக் காட்டும் நீலக்குறி 2014இல் வந்தது. நீலக்குறி என்னும் கருவியை மட்டும் நம்பிய கதை அந்தக் கருவியோடு மறைந்துவிடும். செய்தி போய்ச் சேர்ந்தும் பதில் வராத வேதனையைப் பற்றியது என்றால், அது தூது விடுத்த காலத்திலிருந்து இருப்பது. கருவி மாறினாலும் கதை நிற்கும். இதைச் சோதிக்க, கதையில் வரும் சாதனத்தின் பெயரை எடுத்துவிட்டுத் தபால் அட்டையையோ தொலைபேசியையோ மனத்துக்குள் வைத்துப் பாருங்கள். கதாபாத்திரத்தின் தவிப்பு அப்படியே இருந்தால் கவலை இல்லை.

ஏழாம் படி: கதைகளைத் தொகுப்பாக அடுக்குதல்

தனித்தனியாக நன்றாக இருக்கும் 12 கதைகள் ஒன்றாகச் சேரும்போது ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளக் கூடும். இதைத் தொகுக்கும்போதுதான் உணர முடியும். ஒரு தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொரு கதைக்கும் எதிரே அதன் களம், சொல்பவர், சிரிப்பின் வகை, முடிவின் வகை, நீளம் ஆகியவற்றைக் குறித்துப் பார்த்தால் எழுத்தாளரின் பழக்கங்கள் வெளிப்படையாகத் தெரியும். ஏழு கதைகள் தொலைபேசி அழைப்பில் முடிவதும், எல்லாக் கதையிலும் மனைவிமார் புத்திசாலிகளாகவும் கணவன்மார் அசடுகளாகவும் இருப்பதும் இந்தக் கட்டத்தில்தான் பிடிபடும். அப்படிப்பட்டவற்றில் சிறந்த இரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றை மாற்றி எழுதவோ நீக்கவோ வேண்டும். 18 கதைகள் எழுதி 12ஐத் தேர்ந்தெடுப்பது, 12 எழுதி 12ஐயும் சேர்ப்பதைவிட நல்ல நூலைத் தரும்.

வரிசையைப் பொறுத்தவரை, முதல் கதை நூலிலேயே மிகச் சிறந்ததாக இருக்க வேண்டியதில்லை. மிகத் தெளிவானதாக இருக்க வேண்டும். இந்த எழுத்தாளர் எப்படிச் சிரிப்பார், எந்த அளவுக்குக் கடிப்பார் என்பதை வாசகர் முதல் நான்கு பக்கங்களில் புரிந்துகொண்டால் மற்றவற்றுக்கு ஆயத்தமாகிவிடுவார். சிறந்த கதையை இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வைக்கலாம். சற்று இருண்ட கதையை, அதாவது சிரிப்பு அரைகுறையாக நின்றுவிடும் கதையை, நூலின் மூன்றில் இரண்டு பங்கு கடந்த இடத்தில் வைத்து, அதை அடுத்து மிகக் குறுகிய, வேகமான ஒன்றை வைத்தால் வாசகருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். அலுவலகக் கதைகள் ஒரு பகுதி, குடும்பக் கதைகள் ஒரு பகுதி என்று பிரிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அடுத்து வருவது என்ன வகை என்று முன்கூட்டியே தெரிவது சிரிப்புக்குப் பகை.

தலைப்புகளில் சிரிப்பைச் செலவழித்துவிட வேண்டாம். சதாசிவம் கதைக்கு ‘நடைப்பித்தர்’ என்று பெயர் வைப்பதைவிட ‘நிலுவை’ என்று வைப்பது நல்லது. கதையைப் படித்த பிறகு அந்தச் சொல் யாருடைய நிலுவை என்று திரும்பிப் பார்க்க வைக்கும்.

எட்டாம் படி: வாய்விட்டு வாசித்தல், திருத்தல்

நகைச்சுவைக் கதையைக் கண்ணால் மட்டும் திருத்த முடியாது. இரண்டு மூன்று பேருக்கு முன்னால் வாய்விட்டு வாசிக்க வேண்டும்; எங்கே சிரித்தார்கள் என்பதைவிட எங்கே உடம்பை அசைத்து உட்கார்ந்தார்கள் என்பதைக் கவனித்துப் பிரதியின் ஓரத்தில் கோடிட வேண்டும். அந்தக் கோடுகள் விழும் இடங்களில் பெரும்பாலும் விளக்கம் நீண்டிருக்கும். கேட்டவர்களிடம் ‘நன்றாக இருந்ததா?’ என்று கேட்பதில் பயனில்லை, நன்றாகத்தான் இருந்தது என்பார்கள். ‘என்ன கதை, சுருக்கமாகச் சொல்லுங்கள்’ என்று மறுநாள் கேட்டால் அவர்களுடைய நினைவில் எந்த இடம் தங்கியது என்று தெரியும். நீங்கள் முக்கியமென்று நினைத்த வரி அதில் இல்லாவிட்டால் அந்த வரி சரியான இடத்தில் இல்லை. கதையைச் சில வாரங்கள் கிடப்பில் போட்டுவிட்டு மறுபடி படிப்பதும் உதவும்; எழுதிய அன்று சிரிப்பு வந்த வாக்கியங்களில் சில அதற்குள் செத்துப்போயிருக்கும்.

ஒன்பதாம் படி: நூலாக்கம்

அச்சுக்குப் போகும் முன் பக்கக் கணக்கைப் போட்டுக்கொள்ள வேண்டும். எழுத்தளவையும் வரி இடைவெளியையும் பொறுத்து டெம்மி என்னும் வழக்கமான நூல் அளவுப் பக்கம் ஒன்றில் ஏறத்தாழ 200 முதல் 250 தமிழ்ச் சொற்கள் அடங்கும். 1,500 சொற்கள் கொண்ட 12 கதைகள் என்றால் மொத்தம் 18,000 சொற்கள், சுமார் 80 பக்கங்கள். தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம், பொருளடக்கம், முன்னுரை ஆகியவற்றையும், ஒவ்வொரு கதையும் புதிய பக்கத்தில் தொடங்குவதால் விழும் வெற்றிடங்களையும் சேர்த்தால் 96 பக்கங்களுக்கு அருகில் வரும். ஃபாரம் என்பது ஒரே தாளில் சேர்த்து அச்சடித்து மடிக்கும் பக்கத் தொகுதி; ஃபாரம் ஒன்றுக்கு 16 பக்கங்கள் என்னும் கணக்கில் அது ஆறு ஃபாரம். 98 பக்கங்கள் வந்தால் ஏழாவது ஃபாரத்தில் பெரும்பகுதி வீணாகும் என்பதால் எங்கே இரண்டு பக்கத்தைக் குறைக்கலாம் என்று அப்போது பார்ப்பது நல்லது. பெரும்பாலும் முன்னுரைதான் குறையும்.

ஏற்கெனவே இதழ்களில் வெளியான கதைகளைச் சேர்ப்பதாக இருந்தால், மறுபதிப்பு உரிமை யாரிடம் இருக்கிறது என்பதை எழுத்துப்பூர்வமாக உறுதிப்படுத்திக்கொண்டு, முதலில் வெளியான இதழின் பெயரையும் ஆண்டையும் நூலில் குறிப்பிட வேண்டும். நூலுக்கான பன்னாட்டு அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். வாங்கினால் அதன் 13 இலக்கங்களும் பதிப்பு விவரப் பக்கத்திலும் பின்னட்டையிலும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். மெய்ப்புப் பார்க்கும்போது, அதாவது அச்சுக்கு முன் பிழை திருத்தும்போது, எண்களைத் தனியாக ஒருமுறை பாருங்கள்: 9,640உம் 360உம் சேர்ந்து 10,000 ஆகாவிட்டால் அந்தத் தணிக்கையாளரை யாரும் நம்ப மாட்டார்கள்.

முன்னுரையில் நகைச்சுவை எழுதுவது எவ்வளவு கடினம் என்று விளக்க வேண்டியதில்லை. பின்னட்டையில் ‘வயிறு குலுங்கச் சிரிக்கலாம்’, ‘சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும்’ போன்ற வாசகங்களைப் போடாமல், தொகுப்பிலுள்ள ஒரு கதையிலிருந்து ஐந்தாறு வரி உரையாடலை மட்டும் எடுத்துப் போட்டால் போதும். அந்த வரிகளை முதல் கதையிலிருந்து எடுக்காமல், நடுவிலுள்ள ஒன்றிலிருந்து, அதுவும் கதையின் முடிவைக் காட்டிக்கொடுக்காத பகுதியிலிருந்து எடுக்க வேண்டும்.